கம்பம் பள்ளத்தாக்கின் மேடைப் பாட்டு

தமிழ்த் திரையிசையின் வரலாற்றை எழுதுவோர் 1976-இல் வெளியான ‘அன்னக்கிளி’யைப் புதியதோர் இசையின் தொடக்கமாகக் கொள்வது வழக்கமாக இருப்பினும், அவ்விசையை ஆக்கியவர் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கம்பம் பள்ளத்தாக்கின் பொதுக்கூட்ட மேடைகளில் தம் தொழிலைக் கற்றிருந்தார் என்பதை மறந்துவிட்டால் அவ்வரலாறு பாதியிலேயே தொடங்கியதாகிவிடும். முல்லையாற்றங்கரை வீரபாண்டியில் கௌமாரியம்மனுக்குச் சித்திரையில் நடைபெறும் பெருந்திருவிழா போன்ற கூடுகைகளால், கூட்டமாக உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் பழக்கம் இப்பகுதியில் ஊறியிருந்தது. அந்தப் பழக்கத்தை அரசியலுக்குப் பயன்படுத்தியவர் உத்தமபாளையம் வட்டம் பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராஜன்.

கம்யூனிஸ்ட் கட்சியின் பாடகரான அவர், மக்கள் ஏற்கெனவே அறிந்த நாட்டுப்புற மெட்டுகளிலும் திரைப்பட மெட்டுகளிலும், அதாவது பாட்டின் இசைவடிவங்களில், அன்றைய அரசியலைப் பேசும் புதிய சொற்களைப் பொருத்தினார். மெட்டு பழகியதாக இருந்ததால் கேட்பவரின் கவனம் முழுவதும் சொல்லின் மேல் விழுந்தது. 1958-இல் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில் இம்முறையின் வலிமை வெளிப்பட்டது. போடிமெட்டு வழியாக இப்பள்ளத்தாக்கோடு தொடர்புடைய அத்தொகுதியின் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாக வாழ்ந்தனர். காங்கிரசின் சின்னமாகிய இரட்டைக் காளைகளை எள்ளி வரதராஜன் பாடிய பாட்டு அவர்களிடையே பரவியது. கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். அவ்வெற்றிக்குப் பாட்டு ஒன்றே காரணமன்று. எனினும் மலைத்தோட்டங்களில் துண்டறிக்கை எட்டாத காதுகளுக்கும் பாட்டு எட்டியது என்று துணிந்து கூறலாம்.

தம்பியர் பாஸ்கர், ராசையா, அமர்சிங் ஆகியோர் அடுத்தடுத்துச் சேர்ந்ததால் இக்குழு ‘பாவலர் சகோதரர்கள்’ எனப் பெயர் பெற்றது. சிறுவனான ராசையா முதலில் பெண்குரலில் பாடி, குரல் உடைந்தபின் ஆர்மோனியத்தை முதன்மையாகக் கொண்டார். 1964-இல் நேரு மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு அவர் இசையமைத்தார். அதே பத்தாண்டில் அமெரிக்காவின் டகோமா நகரில் பரிபா சகோதரர்களை உள்ளடக்கிய ‘தி சோனிக்ஸ்’ போன்ற குழுக்கள், வீட்டுக் கார் கொட்டகையின் பெயரால் ‘கராஜ் ராக்’ எனப் பின்னர் அழைக்கப்பட்ட முரட்டு இசையை உள்ளூர் நடன அரங்குகளில் வளர்த்துக்கொண்டிருந்தன. இரண்டிடத்தும் ஆசிரியராக நின்றது எதிரே இருந்த கூட்டமே. ஆனால் பண்ணைப்புரத்துக் குழுவுக்குச் சொல்வதற்கென ஓர் அரசியலும் இருந்தது.

1968-இல் தம்பியர் சென்னைக்குப் பெயர்ந்தனர். அங்கே ராசையா தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைக் கற்று, இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக உழைத்து, பஞ்சு அருணாசலத்தின் ‘அன்னக்கிளி’ வழியாக இளையராஜா ஆனார். அமர்சிங் கங்கை அமரன் என்ற பெயரில் பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் வளர்ந்தார். வரதராஜன் 1973-இலேயே காலமானதால் ‘அன்னக்கிளி’யைக் காணவில்லை. 1981-இல் பாரதிராஜா இயக்கிய ‘அலைகள் ஓய்வதில்லை’யை பாஸ்கர் தயாரித்தபோது, அவருடைய தயாரிப்பு நிறுவனம் ‘பாவலர் கிரியேஷன்ஸ்’ என அண்ணனின் பெயரையே தாங்கியிருந்தது.