சுழற்சிப் பிரபஞ்ச மாதிரிகள்

பிரபஞ்சம் விரிந்து, சுருங்கி, மீண்டும் விரியலாம் என்பதற்கு அலெக்சாண்டர் ஃபிரீட்மனின் 1922ஆம் ஆண்டுச் சமன்பாடுகளே இடமளித்தன. ஆனால் ஒழுங்கின்மையின் அளவான என்ட்ரோபி கூடுவதால் ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட நீளும் என்று ரிச்சர்ட் டோல்மன் 1930களில் காட்டினார். பின்னோக்கிப் போனால் சுற்றுகள் குறுகிக் குறுகி ஒரு தொடக்கத்தில் முட்டுகின்றன. தொடக்கத்தைத் தவிர்க்கவே பிறந்த மாதிரிக்கு இது பலத்த அடி. இருண்ட ஆற்றலால் நேரும் நெடிய விரிவு என்ட்ரோபியை நீர்த்துப்போகச் செய்யும் என்பது, 2002இல் பால் ஸ்டைன்ஹார்ட்டும் நீல் டூரோக்கும் சொன்ன விடை. இது பாதி விடைதான்: என்ட்ரோபி அழிவதில்லை, பரவுகிறது. ஆயினும் இவர்களின் மாதிரியை வெறும் கற்பனை என ஒதுக்குவது சரியன்று; அதைச் சோதிக்க முடியும். பிரபஞ்சம் தொடக்கத்தில் மிக வேகமாக விரிந்தது எனும் பெருவீக்கக் கொள்கையின் எளிய வடிவங்கள் எதிர்பார்க்கும் ஆதி ஈர்ப்பலைகள் இம்மாதிரியில் அளவிட முடியாதபடி மங்கலானவை. அவற்றின் தடம் ஆதிப் பிரபஞ்சத்தின் எச்ச ஒளியான நுண்ணலைப் பின்புலத்தில் கிடைத்தால் இம்மாதிரி வீழும். 2014இல் பைசெப்2 தொலைநோக்கிக் குழு அறிவித்த அத்தகைய தடம், விண்மீன் மண்டலத் தூசியாலும் விளக்கத்தக்கதாக முடிந்தது.