துண்டுண்ட பாம்பு: ஐக்கியம் பற்றிய ஒரு கேலிச்சித்திரமும் அது விடுத்த வினாவும்

அரசியற் கேலிச்சித்திரத்தை நகைச்சுவையின் ஒரு கிளையாக மாத்திரம் நோக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. வரலாற்று மாணவருக்கோ அது ஓர் ஆவணமாகும். ஓர் இயக்கம் யாரைத் தன் அங்கமாகக் கொண்டது, யாரைக் கொள்ளவில்லை என்பதனை அதன் தீர்மானங்களிலும் பார்க்கத் தெளிவாக அதன் சித்திரங்கள் காட்டிவிடுகின்றன. குடியேற்ற நாடுகளின் ஐக்கியம் பற்றிய பழைய சித்திரமொன்றினை இந்நோக்கில் ஆராய்வது நமது காலத்துக்கும் பயனுடையதாகும்.

1754 மே 9 ஆம் திகதி, பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்கிளின் நடத்திய 'பென்சில்வேனியா கசெற்' பத்திரிகையில் எட்டுத் துண்டுகளாக வெட்டுண்ட பாம்பின் சித்திரம் ஒன்று வெளிவந்தது. இணையாவிடின் மடிய நேரும் என்பதே அதன் கீழிருந்த வாசகத்தின் பொருள். ஒகையோ நதி தொடங்கும் இடத்தில் ஆங்கிலேயர் அமைத்துக்கொண்டிருந்த அரணைப் பிரெஞ்சுப் படையினர் கைப்பற்றிய செய்தியோடு அது அச்சாகியது. சில வாரங்களுள் ஏனைய குடியேற்ற நாடுகளின் பத்திரிகைகளும் அதனை எடுத்தாண்டன.

அடுத்த மாதம் அல்பனி நகரில் ஏழு குடியேற்ற நாடுகளின் பிரதிநிதிகள் கூடினர். முடியினால் நியமிக்கப்படும் ஒரு தலைவரும், குடியேற்ற நாட்டுச் சபைகள் தெரிவுசெய்யும் 48 உறுப்பினர் கொண்ட பேரவையும் வேண்டும் என்பது ஆங்கு ஏற்கப்பட்ட திட்டம். படை திரட்டவும் வரி விதிக்கவும் இவ்வமைப்புக்கு அதிகாரம் வழங்கப்படவிருந்தது. எனினும், தம் பணப்பெட்டியையும் மேற்குநிலங்களின் மீது தாம் கொண்டாடிய உரிமையையும் விட்டுக்கொடுக்க எந்தச் சபையும் இணங்கவில்லை. இலண்டனும் அத்திட்டத்தை நடைமுறைப்படுத்த முன்வரவில்லை. பொது ஆபத்தினும் தனிநலனே வலிமையுடையதாயிருந்தது.

சித்திரத்தில் இல்லாதவற்றையும் நாம் மனங்கொள்ளல் வேண்டும். நான்கு நியூ இங்கிலாந்து நாடுகள் ஒரே தலையாகத் தீட்டப்பட்டன. ஜோர்ஜியாவுக்கு இடமே இல்லை. இவற்றினும் பாரதூரமான விடுபாடு வேறொன்று உண்டு. ஆறு இனக்குழுக்கள் இணைந்த இறோக்குவாக் கூட்டமைப்பு நெடுங்காலமாக நிலைத்திருந்தமையைப் பிராங்கிளின் நன்கறிவார். அத்தகையதோர் ஐக்கியத்தை ஆங்கிலேயரால் அமைக்க இயலாதா என 1751 இல், அம்மக்களை இழிவாகக் குறிப்பிட்டவாறே, அவர் எழுதினார். அல்பனி மாநாடு கூட்டப்பட்டதன் முக்கிய நோக்கமும் அவர்களது நட்பைப் பேணுவதே. ஆனால் அதே மாநாட்டின் வேளையிலேயே அவர்களது நிலங்கள் பேரம் பேசி வாங்கப்பட்டன. பாம்பின் எந்தத் துண்டும் அவர்களுக்குரியதன்று. அடிமைகளாக உழைத்த ஆபிரிக்கருக்குரியதுமன்று.

1754 இல் பேரரசின் பாதுகாப்புக்காகத் தீட்டப்பட்ட அதே பாம்பு, 1774 இல் போல் றெவியரின் கைவண்ணத்தில் பிரித்தானியாவைக் குறிக்கும் பறவைநாகத்தை எதிர்த்து நின்றது. இம்முறை ஜோர்ஜியாவும் சேர்க்கப்பட்டது. சின்னம் ஒன்றே, அதனைக் கையாண்டோரின் நலன் மாறியதும் அதன் பொருளும் மாறிற்று.

தமிழில் இக்கலைக்கு வித்திட்டவர் சுப்பிரமணிய பாரதியார். 1906 இல் சென்னையில் தொடங்கி, 1908 முதல் 1910 வரை புதுச்சேரியிலிருந்து வெளிவந்த 'இந்தியா' வார இதழில் அவர் அரசியற் சித்திரங்களுக்குச் சிறப்பிடம் அளித்தார். எழுத்தறிவு அருகியிருந்த சமூகத்தில் அரசியலை மக்களிடம் கொண்டுசெல்லச் சித்திரம் உதவிற்று. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்பன அவ்விதழின் இலட்சிய வாசகங்கள். நடுவேயுள்ள சமத்துவமே ஏனைய இரண்டையும் தாங்குவது என்பது நமது கருத்து.

இலங்கையின் அனுபவம் இதனை வலியுறுத்துகின்றது. 1919 இல் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தைத் தலைவராகக் கொண்டு இலங்கைத் தேசிய காங்கிரஸ் தோன்றியது. மேல் மாகாணத் தமிழருக்கு ஓர் ஆசனம் என்ற வாக்குறுதி காக்கப்படாமையால் 1921 இல் அவர் அதிலிருந்து விலகினார். அருணாசலம் தோட்டத் தொழிலாளர் நலனுக்காகவும் உழைத்தவர் என்பது உண்மையே. எனினும், 1931 இல் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வரும்வரை பிரதிநிதித்துவம் பற்றிய பேரமெல்லாம் கல்வியும் சொத்தும் உடையோரிடையே நிகழ்ந்தது.

நமது செங்கலடிச் சந்தியிலிருந்து மேற்கே பிரியும் வீதி பதுளைத் தேயிலைத் தோட்டங்களைச் சென்றடைகிறது. அவ்வீதியின் மறுமுனையில் வாழ்ந்த உழைப்பாளரின் குடியுரிமையை, நாடு சுதந்திரம் பெற்ற 1948 ஆம் ஆண்டிலேயே புதிய நாடாளுமன்றம் பறித்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு அதனை மீள வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது. அன்று இலங்கை ஐக்கியத்தை யாரேனும் பாம்பாகத் தீட்டியிருப்பின், அத்தொழிலாளருக்கு ஒரு துண்டு கிடைத்திருக்குமா? ஐக்கியத்தைக் கோரும் ஒவ்வொரு குரலிடமும் நாம் முதலிற் கேட்கவேண்டிய வினா இதுவேயாகும்.