ஒரு கேலனுக்கு எத்தனை மைல்?

அமெரிக்காவில் பழைய செமி டிரக் (நம்ம ஊர் டிரெய்லர் லாரி) வச்சிருப்பவர்களிடம் ஒரு வாதம் உண்டு. தொண்ணூறுகளில் வந்த இன்ஜின் கொடுத்த மைலேஜை அதுக்குப் பிறகு வாங்கின புது வண்டி கொடுக்கலை, அப்புறம் என்ன முன்னேற்றம் என்பார்கள். கொஞ்ச நாளாக இதைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். வாதத்தில் உண்மை இருக்கு. கூடவே ஒரு வில்லங்கமும் இருக்கு.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். கேலனுக்கு 6 மைல் என்றால் நம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 2.5 கிலோமீட்டர். 1970-ல் அமெரிக்க டிரெய்லர் லாரிகளின் சராசரி 5 மைலுக்குச் சற்றுக் கீழே. 2010-ல் 6 மைலுக்குச் சற்றுக் கீழே. நாற்பது வருஷ இன்ஜினியரிங்கில் கிடைத்தது ஒரே ஒரு மைல்!

டீசல் மலிவாக இருந்த காலத்தில் இதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட்டவர்கள் குறைவு. ஜெனரல் மோட்டார்ஸ் 1938-ல் கொண்டுவந்த டெட்ராய்ட் டீசல் 71 வரிசை ஒரு டூ ஸ்ட்ரோக் இன்ஜின். ஒவ்வொரு சிலிண்டரும் 71 கன அங்குலம், பெயருக்குக் காரணம் அதுதான். பிஸ்டன் இறங்கும் ஒவ்வொரு தடவையும் எரிப்பு நடக்கும், அதனால் உண்மையான வேகத்தைப் போல இரண்டு மடங்கில் ஓடுகிற மாதிரி அலறும். உள்ளே காற்றைத் தள்ள ஒரு புளோயர் வேண்டும், அதைச் சுற்றவும் இன்ஜின்தான் சக்தி தரணும். டீசலைச் சத்தமாக மாற்றும் மெஷின் என்று டிரைவர்கள் கிண்டலடித்தது சும்மா இல்லை.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் கதை மாறியது. அந்த டிசம்பரிலேயே பென்சில்வேனியாவில் ஐ-80 நெடுஞ்சாலையை டிரைவர்கள் லாரிகளைக் குறுக்கே நிறுத்தி மறித்தார்கள். 1974 ஜனவரியில் நிக்சன் நாடு முழுக்க வேகத்தை மணிக்கு 55 மைலாகக் கட்டுப்படுத்தும் சட்டத்தில் கையெழுத்திட்டார். டிரைவர்களுக்கு அது பிடிக்கவே இல்லை, ஆனா கணக்கு சட்டத்தின் பக்கம்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 55-லிருந்து 65-க்குப் போனால் எதிர்ப்பு 40 சதவீதம் கூடிவிடும்.

காற்று என்றதும் எனக்குப் பிடித்த ஆளைச் சொல்லியாகணும். கலிஃபோர்னியாவில் நாசாவின் விமான ஆராய்ச்சி மையத்தில் எட்வின் சால்ட்ஸ்மேன் என்ற பொறியாளர் இருந்தார். சைக்கிளில் வேலைக்குப் போகும்போது, பெரிய லாரி கடந்தால் காற்று முதலில் அவரை வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். விமானத்துக்கு இத்தனை பார்க்கிறோம், லாரிக்கு ஏன் பார்க்கலை என்று தோன்றியிருக்கு. ஒரு வேனைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்து, செருப்புப் பெட்டி மாதிரி கூர் முனைகளோடு ஓட்டினார்கள். பிறகு முனைகளை வளைவாக்கி ஓட்டினார்கள். எதிர்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இன்ஜினைத் தொடவே இல்லை.

அப்போ சாலையில் ஓடிய பல லாரிகள் தட்டையான மூஞ்சிக்காரை. டிரைவரை இன்ஜின் மேல் உட்கார வைத்த கேப்ஓவர் வடிவம் அது. மொத்த நீளத்துக்கு மாநிலங்கள் உச்சவரம்பு வைத்திருந்ததால், மூக்கு நீண்டால் சரக்குக்கு இடம் குறையும். 1982 சட்டம் முக்கிய நெடுஞ்சாலைகளில் அந்த வரம்பை எடுத்தது, மூக்கு திரும்பி வந்தது. 1985-ல் கென்வர்த் டி600 சரிந்த பானட்டோடு இறங்கியபோது 'எறும்புத்தின்னி' என்று சிரித்தார்கள். டீசல் பில்லைப் பார்த்த பிறகு சிரிப்பு அடங்கியது.

1987-ல் டெட்ராய்ட் சீரீஸ் 60. ஃபோர் ஸ்ட்ரோக், எரிபொருளை எப்போது எவ்வளவு பீய்ச்சுவது என்று கம்ப்யூட்டர் தீர்மானிக்கும். மற்ற கம்பெனிகளும் அந்த வழிக்கு வந்தன. பழைய வண்டிக்காரர்கள் ஏங்கும் பொற்காலம் இதுதான்.

வில்லங்கமும் இங்கேதான். டீசலைக் கொஞ்சம் முன்கூட்டியே பீய்ச்சினால் எரிப்பு சூடாகும், மைலேஜ் கூடும், நைட்ரஜன் ஆக்சைடும் கூடும். சுவாசத்தைப் பாதிக்கும் ஓசோன் புகைமூட்டத்துக்கு அதுதான் மூலப்பொருள். 1998 அக்டோபரில் அமெரிக்க அரசு ஏழு கம்பெனிகளோடு ஒரு உடன்பாட்டுக்கு வந்தது: கேட்டர்பில்லர், கம்மின்ஸ், டெட்ராய்ட் டீசல், மேக், நவிஸ்டார், ரெனோ, வோல்வோ. அரசின் குற்றச்சாட்டு இதுதான்: சோதனைச் சாலையில் இன்ஜின் ஒழுங்காக நடந்துகொள்கிறது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும்போது கம்ப்யூட்டர் மைலேஜுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்கிறது, புகை வரம்பைத் தாண்டுகிறது. இப்படிச் சுமார் 13 லட்சம் இன்ஜின்கள் என்றது அரசு. கம்பெனிகள் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனா 8.34 கோடி டாலர் அபராதம் கட்டின.

அப்போ அந்த மைலேஜில் ஒரு பங்கு, நெடுஞ்சாலை ஓரத்தில் குடியிருந்தவர்களின் மூச்சிலிருந்து வந்தது என்றுதான் நான் வாசிக்கிறேன். எவ்வளவு பங்கு என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும்.

அதன் பிறகு புது வண்டி வாங்கினவர்கள் பட்ட பாடும் பொய் இல்லை. உடன்பாட்டின்படி 2002-லேயே புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மறுபடி இன்ஜினுக்கே ஊட்டும் இஜிஆர் வந்தது. 2007-ல் கரித்தூள் வடிகட்டி. இரண்டுமே மைலேஜைத் தின்றன, பழுதும் அதிகம். கேட்டர்பில்லர் அந்தத் தொழிலையே விட்டது. 2010-ல் யூரியா கரைசலைப் புகைக்குழாயில் தெளிக்கும் முறை வந்த பிறகுதான் நிலைமை தேறியது. புகையைக் கழுவும் வேலை வெளியே போனதால், இன்ஜின் உள்ளே மறுபடி சூடாக எரியலாம். நவிஸ்டார் மட்டும் யூரியா வேண்டாம் என்று அடம்பிடித்து, 2012-ல் இறங்கி வந்தது. 2015-ல் ஃபிரைட்லைனரின் ஒரு சோதனை டிரக் கேலனுக்கு 12.2 மைல் காட்டியது. அது விற்பனைக்கு வந்த வண்டி அல்ல.

இன்னொன்று. சராசரி ஏன் அசையவில்லை என்பதற்கு எடையும் காரணம். 1975 தொடக்கத்தில் மொத்த எடை வரம்பு 73,280 பவுண்டிலிருந்து 80,000-க்கு ஏறியது. வேக வரம்பு 1995-ல் மாநிலங்களின் கைக்கே திரும்பியது. இன்ஜின் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி பாரத்திலும் வேகத்திலும் போச்சு.

பழசின் மேலிருந்த ஆசை ஒரு தொழிலாகவே ஆனது. 'கிளைடர்' என்று பெயர்: புத்தம்புது கேபின், புது சேஸிஸ், உள்ளே 2002-க்கு முந்தைய இன்ஜினைப் புதுப்பித்துப் பொருத்துவது, பெரும்பாலும் அந்த சீரீஸ் 60-ஐத்தான். வடிகட்டி கிடையாது, யூரியா கிடையாது. 2016 விதிகள் ஒரு தயாரிப்பாளருக்கு வருஷத்துக்கு அதிகபட்சம் 300 என்று கட்டுப்படுத்தின. ஏற்கெனவே விற்றவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன, மூஞ்சியில் 2015, புகையில் 1998.