பிணையும் பினாங்கும்

பிரான்சிசு லைட் 1786இல் ஆங்கிலக் கொடி ஏற்றிய பினாங்குத் துறைமுகத்தில், முறையான நீதிமன்றம் அமைய 20 ஆண்டுகளுக்கு மேலாயின. 1807ஆம் ஆண்டின் அரச சாசனமே ஆங்கிலச் சட்டத்தையும், அதனோடு பிணை முறையையும் இத்தீவில் நிலைபெறச் செய்தது.

பிணை என்னும் தமிழ்ச்சொல் கட்டுதலைக் குறிக்கும். மலாய் மொழியின் 'இக்காட் ஜாமின்' என்னும் தொடரில் 'இக்காட்' என்பதும் அதே பொருளதே. ஜாமீன் என்னும் சொல்லோ இரு மொழிகளும் அரபு மூலத்திலிருந்து பெற்றது. கட்டப்படுபவர் கைதானவர் மட்டுமல்லர். அவருக்காக ஒப்பமிடும் உறவினருமாவார்.

1976இல் பினாங்குக்கும் விரிவாக்கப்பெற்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 387ஆம் பிரிவு, பிணைக்குரிய குற்றங்களில் பிணையை உரிமையாக்குகிறது. ஏனையவற்றில் பிணை தருவது, 388ஆம் பிரிவின்படி, நீதிமன்றத்தின் விருப்புரிமை. கடுங்குற்றம் சாட்டப்பட்டவராயினும், பெண்டிர், 16 வயதுக்குட்பட்டோர், நோயுற்றோர் ஆகியோருக்குப் பிணை தர அப்பிரிவு இடந்தருகிறது. பிணைத்தொகை மிகையாகலாகாது என்பது 389ஆம் பிரிவு.

குற்றஞ்சாட்டப்பட்டவர் தவறாது வந்து வழக்கு முடிந்தால், கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். அவர் தலைமறைவானால் பிணையாளர் பணத்தை இழக்க நேரும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் கட்டணம் பெற்றுப் பிணை நிற்கும் வணிகர் உண்டு. இங்கோ சுற்றமும் நட்புமே துணை.

கப்பலேறித் தன்னந்தனியே இக்கரை சேர்ந்த தொழிலாளிக்கு அத்துணை ஏது? சுற்றமிருந்தும் கையில் பொருளில்லாத குடும்பங்களின் நிலை இன்றும் அதுவே. தொகையை வரையறுக்குங்கால் அவர்தம் வறுமையையும் எண்ணாவிடின், தீர்ப்புக்கு முன்னரே தண்டனை தொடங்கிவிடும்.