கங்காணி

கண்ணால் காண்பவர் கண்காணி. பேச்சில் ‘ண்’ என்னும் ஒலி அடுத்துவரும் ககரத்தோடு இயைந்து ‘ங்’ ஆனது, கங்காணி பிறந்தார். சோழர் கல்வெட்டுகளில் ‘கண்காணி செய்வார்’ கோயில் கணக்கையும் நிர்வாகத்தையும் மேற்பார்த்தவர்.

அந்தக் கௌரவமான சொல்லைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் காப்பி, தேயிலைத் தோட்டங்கள் வேறாக்கிவிட்டன. சொந்த ஊரில் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டி, இலங்கைக்கும் மலாயாவுக்கும் அழைத்துப்போய், அங்கே வேலையும் வாங்கியவர் கங்காணி. வழிச்செலவுகூடத் தொழிலாளியின் கடனாக ஏறும். கடன் தொகையை எழுதிய ‘துண்டு’ கைமாறினால் ஆளும் தோட்டம் மாறுவார். துண்டு முறையை இலங்கை 1921இல் தடைசெய்தது. கங்காணி முறை நடந்த அதே காலத்தில் அமெரிக்க நகரங்களில் இத்தாலியக் குடியேறிகளுக்கு வேலை பிடித்துத் தந்து கூலியில் பங்கு எடுத்தவரைப் ‘பத்ரோனே’ என்றார்கள். சிறுவர்களைக் கொண்டுவந்து அடிமைபோல் வேலை வாங்கிய பத்ரோனேகளுக்கு எதிராக 1874இலேயே அங்கே சட்டம் வந்தது.

தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்துக்காரர்களுக்குக் கங்காணி என்பது வெறும் அகராதிச் சொல் அல்ல. போடிமெட்டு, கம்பம்மெட்டு ஏறி ஏலக்காட்டு வேலைக்குப் போகும் கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் வேலை பார்ப்பவர் மேல் கண் வைத்திருப்பவர் கங்காணிதான். இப்படி மலையேறிக் கேரளப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்கள் பின்னாளில் அங்கே வாக்காளர்கள் ஆனார்கள். அந்த மலைப்பகுதியின் தேவிகுளம் தொகுதியில் 1958இல் நடந்த இடைத்தேர்தலில், கேரளக் கம்யூனிஸ்ட் ஆட்சிக்காக அவர்களிடம் தமிழில் பாடி வாக்குக் கேட்டவர் பண்ணைப்புரம் பாவலர் வரதராசன். வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார்.