அகாமனிசியர் காலப் பாரசீகப் பொன்னணிகள்: அருங்காட்சியகத் தொகுப்புகளும் கிடைப்பிடச் சான்றும்

முன்னுரை

பாரசீகத்தை ஆண்ட அகாமனிசிய மரபினர் (கி.மு. 550–330) காலப் பொன்னணிகள் இன்று இலண்டன், பாரிஸ், தெஹ்ரான் அருங்காட்சியகங்களில் காக்கப்பட்டு வருகின்றன. அவற்றுள் சில அகழாய்வில் கிடைத்தவை. சில வணிகர் கைவழி வந்தவை. இவ்வேறுபாடு அணிகளின் சான்று மதிப்பை எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அகழாய்வில் கிடைத்தவை

1901-இல் பிரெஞ்சு அகழாய்வாளர் ஜாக் தெ மோர்கன் சூசா நகரில் வெண்கல ஈமப்பேழை ஒன்றைக் கண்டறிந்தார். அதனுள் இருந்த எலும்புக்கூட்டின் மீது சிங்கத்தலை முனைகள் கொண்ட கழுத்தணியும் கடகங்களும் காணப்பட்டன. உடன் கிடைத்த பினீசிய நாணயங்கள் அப்புதைப்பைக் கி.மு. நான்காம் நூற்றாண்டுக்கு உரியதாகக் காட்டுகின்றன. இவ்வணிகள் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1963-இல் டேவிட் ஸ்ட்ரோனாக் பசார்கடேயில் அகழ்ந்தபோது, மட்கலம் ஒன்றில் இட்டுப் புதைக்கப்பட்ட பொற்கடகங்களும் காதணிகளும் வெளிப்பட்டன.

வணிகர் வழி வந்தவை

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆக்சஸ் புதையல் ஆமு தாரியா ஆற்றங்கரையில் 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிடைத்ததாகக் கூறப்படுகிறது. 1880-இல் கொள்ளையரிடம் சிக்கிய வணிகர்களின் பொருள்களைக் கேப்டன் பர்ட்டன் மீட்டுக் கொடுத்தார்; அவர்களிடமிருந்து அவர் வாங்கிய கடகம் இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் உடைமை. பிற பொருள்கள் இராவல்பிண்டிச் சந்தையில் விலைபோயின. கன்னிங்காம், பிராங்க்ஸ் ஆகியோர் அவற்றைத் திரட்டினர். பிராங்க்ஸின் தொகுப்பு 1897-இல் அவரது விருப்பமுறியின்படி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. இவை அனைத்தும் ஒரே புதையலைச் சேர்ந்தவைதாமா என ஆஸ்கர் மஸ்கரெல்லா ஐயம் எழுப்பினார்.

ஒப்பீடு

பெர்சபோலிஸ் அபதானா மண்டபப் புடைப்புச் சிற்பங்களில் திறை கொணர்வோர் கழுகுத்தலைச் சிங்க முனையுடைய கடகங்களை ஏந்தி நிற்கின்றனர். ஆக்சஸ் கடகங்களின் வடிவமும் இதுவே. பொன்னில் சிற்றறைகள் அமைத்து வண்ணக் கற்களைப் பதிக்கும் நுட்பம் சூசா அணிகளிலும் ஆக்சஸ் கடகங்களிலும் ஒருங்கே காணப்படுகிறது. பின்னவற்றில் கற்கள் பெரும்பாலும் உதிர்ந்து அறைகளே எஞ்சியுள்ளன. சூசா புதைப்பு வெளிப்படுமுன்பே ஆக்சஸ் கடகங்கள் இலண்டனை அடைந்துவிட்டன. எனவே அவை சூசா அணிகளைப் பார்த்துச் செய்த போலிகளாக இருத்தல் இயலாது.

முதலாம் டேரியஸின் சூசா அரண்மனைக் கல்வெட்டு, பொன் சார்டிஸ், பாக்திரியா ஆகிய இடங்களிலிருந்தும், சூதுபவளமும் லாபிஸ் லசூலியும் சோக்தியாவிலிருந்தும் வந்தன என்றும், மீதியரும் எகிப்தியரும் பொற்பணி செய்தனர் என்றும் கூறுகிறது. ஆகவே ‘பாரசீக அணி’ என்பது ஓரினத்தாரின் கைவினையன்று. பேரரசின் பல நிலங்கள் கூடி உருவாக்கிய அரசவைக் கலையாகும்.

முடிவுரை

ஒப்பீடு ஆக்சஸ் கடகங்களின் காலத்தையும் மரபையும் உறுதிப்படுத்துகிறது. ஆயினும் அவ்வுறுதியைத் தொகுப்பு முழுமைக்கும் விரித்துரைத்தல் பொருந்தாது. அவற்றை அணிந்தவர் யார், புதைத்தவர் யார், புதைத்த காரணம் யாது என்னும் வினாக்களுக்கு வடிவம் விடை தராது; கிடைப்பிடமே தரும். அணி அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படினும், அது கிடந்த மண்ணடுக்கு சிதைந்தபின் அதன் வரலாற்றில் ஒரு பகுதி மீட்கவியலாது அழிகிறது.