குடும்பஸ்ரீ

குடும்பஸ்ரீ என்பது கேரள அரசு உள்ளாட்சி அமைப்புகளின் வழியாக நடத்திவரும் வறுமை ஒழிப்பு இயக்கம். 1998 மே 17 அன்று மலப்புறத்தில் அன்றைய பிரதமர் அடல் பிகாரி வாஜ்பாய் இதைத் தொடங்கிவைத்தார். குடும்பத்தின் செழிப்பு என்பது பெயரின் பொருள். மாநிலத்தின் 941 கிராம ஊராட்சிகளிலும் எல்லா நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் இது வேரூன்றியுள்ளது. ஏறத்தாழ 3 லட்சம் அயல்கூட்டங்களும் 45 லட்சம் அளவிலான பெண் உறுப்பினர்களும் கொண்ட இது, இந்தியாவின் மிகப் பெரிய பெண்கள் அமைப்புகளுள் ஒன்று. பெண்களைக் குழுவாகச் சேர்த்து வங்கிக் கடன் வாங்கித் தரும் திட்டங்கள் நாடெங்கும் உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியின் கையோடு கை கோத்து நிற்கும்படி குழுக்களை அமைத்ததே குடும்பஸ்ரீயின் தனித்தன்மை. அதன் பலமும் பலவீனமும் அந்த ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

முன்வரலாறு

சுயதொழில் மூலம் ஊரக வறுமையைக் குறைக்கும் முயற்சி இந்தியாவில் பெரிய அளவில் தொடங்கியது ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில். 1978-79இல் தொடங்கிய அத்திட்டம் 1980 அக்டோபர் 2 முதல் எல்லா ஒன்றியங்களுக்கும் விரிந்தது. ஏழைக் குடும்பத்துக்கு மானியமும் கடனுமாக ஒரு கறவை மாடு, நாலைந்து ஆடுகள், ஒரு தையல் இயந்திரம் என ஏதேனும் ஒன்று கிடைக்கும். மாட்டைக் கொடுத்தவர்கள் தீவனத்துக்கும் கால்நடை மருத்துவருக்கும் பாலை விற்பதற்கும் வழி செய்தார்களா என்றால், பெரும்பாலான இடங்களில் இல்லை. மாடு செத்தபின்பும் கடன் உயிரோடு இருந்தது. தனிக் குடும்பத்துக்குப் பொருள் கொடுப்பதைவிடப் பெண்களைக் குழுவாக்குவது மேல் என்ற எண்ணத்தில் 1982இல் ஊரகப் பகுதிப் பெண்கள், குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் வந்தது. ஆனால் இவை எல்லாவற்றையும் மாவட்ட முகமைகளே நடத்தின. ஊராட்சிக்குப் பயனாளிப் பட்டியலில் கையெழுத்துப் போடுவதைத் தாண்டி வேலை அதிகம் இல்லை.

கேரளத்தில் வேறு வழி திறந்தது ஆலப்புழை நகரில். 1990களின் தொடக்கத்தில் யுனிசெஃப் உதவியோடு அங்கே குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவைத் தீர்க்கும் திட்டம் ஒன்று நடந்தது. எந்தக் குடும்பம் ஏழைக் குடும்பம் என்று கண்டுபிடிக்க வருமானத்தைக் கேட்பதில் பயனில்லை என்பதை அதை நடத்தியவர்கள் உணர்ந்தார்கள். கேட்டால் எவரும் உண்மையைச் சொல்வதில்லை. சொல்லத் தெரிவதும் இல்லை. எனவே கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய ஒன்பது அடையாளங்களை வைத்தார்கள். பாதுகாப்பற்ற கச்சா வீடு, பக்கத்தில் நல்ல குடிநீர் இல்லாமை, கழிப்பறை இல்லாமை, எழுத்தறியாத பெரியவர்கள், ஒருவருக்கு மேல் சம்பாதிப்பவர் இல்லாமை, இரண்டு வேளைச் சோற்றுக்கே திண்டாட்டம், ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை, குடிக்கோ போதைக்கோ அடிமையான ஒருவர், பட்டியல் சாதி அல்லது பழங்குடிக் குடும்பம் என்பவை அவை. இவற்றுள் நான்கு பொருந்தினால் அந்த வீடு ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். அடுத்த வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாத விவரம் இதில் ஒன்றுகூட இல்லை. அரசு அலுவலரின் கையிலிருந்து அக்கம்பக்கத்துப் பெண்களின் கைக்கு வறுமையின் கணக்கு மாறியது இங்கேதான். ஆலப்புழையில் அமைந்த சமுதாய வளர்ச்சிச் சங்க முறை 1994இல் மலப்புறம் மாவட்டத்தின் கிராமங்களுக்குச் சென்றது. கேரளத்தின் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றில், பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள் வாழும் ஊர்களில், பெண்கள் வாரந்தோறும் வீட்டுக்கு வெளியே கூடினார்கள். மாநில இயக்கத்தின் தொடக்க விழா மலப்புறத்தில் நடந்ததற்குப் பின்புலம் இது.

இதே காலத்தில் மற்றொரு பெரிய மாற்றமும் நிகழ்ந்தது. 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்குப் போனது. அதில் குறைந்தது 10 விழுக்காட்டைப் பெண்களுக்கான திட்டங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. பணமும் அதிகாரமும் ஊராட்சிக்கு வந்த வேளையில், அதைக் கேட்டுப் பெறும் பெண்களின் அமைப்பும் கீழிருந்து எழுந்தது. இரண்டில் ஒன்று பத்தாண்டு பிந்தியிருந்தால் குடும்பஸ்ரீ இன்றைய வடிவில் இருந்திருக்காது.

அமைப்பு

அடித்தளம் அயல்கூட்டம். பக்கத்துப் பக்கத்து வீடுகளைச் சேர்ந்த 10 முதல் 20 பெண்கள் வாரம் ஒருமுறை உறுப்பினர் ஒருவரின் வீட்டில் கூடுவார்கள். சேமிப்பைக் கட்டுவார்கள், உள்கடன் கொடுப்பார்கள், தெருவின் குறைகளைப் பேசுவார்கள். தலைவர், செயலாளர் என்பவர்களோடு சுகாதாரம், வருமானப் பெருக்கம், அடிப்படை வசதி ஆகியவற்றுக்குத் தலா ஒரு தொண்டரும் இருப்பார். ஒரு வார்டின் அயல்கூட்டங்கள் சேர்ந்தது பகுதி வளர்ச்சிச் சங்கம். ஊராட்சியின் எல்லா வார்டுகளும் சேர்ந்தது சமுதாய வளர்ச்சிச் சங்கம். மலையாளிகள் இந்த மேல் இரண்டையும் ஆங்கில எழுத்துகளால் ஏடிஎஸ், சிடிஎஸ் என்றே சொல்கிறார்கள். சிடிஎஸ் சட்டப்படி பதிவுபெற்ற சங்கம். அதன் தலைவி உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறார். ஊராட்சி அலுவலர் ஒருவர் உறுப்பினர் செயலராக இருக்கிறார். அதன் அலுவலகம் பெரும்பாலும் ஊராட்சி வளாகத்திலேயே இருக்கும்.

அயல்கூட்டத்தின் தேவைகள் குறுந்திட்டமாக எழுதப்பட்டு வார்டு அளவில் தொகுக்கப்படுகின்றன. பிறகு அவை சிடிஎஸ் திட்டமாகி ஊராட்சியின் வறுமை ஒழிப்புத் துணைத் திட்டமாக ஏற்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. கிராம சபையில் கூட்டம் சேர்வதே பெரும்பாலும் அயல்கூட்டப் பெண்களால்தான்.

தமிழ்நாட்டு வாசகர் இங்கே ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் உண்டு. கேரளத்தில் 941 மட்டுமே. ஒரு கேரள ஊராட்சி பல ஆயிரம் வீடுகளைக் கொண்டது. வேளாண் அலுவலகம், கால்நடை மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம், அங்கன்வாடிகள் ஆகியவை அதன் பொறுப்பில் உள்ளன. ஒரு சுயதொழிலுக்குத் தேவையான விதை, மருத்துவர், கட்டடம், வாடிக்கையாளர் என எல்லாவற்றையும் தேடி அந்தப் பெண்கள் மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டியதில்லை.

தொழில்கள்

தொடக்க ஆண்டுகளில் அப்பளம், ஊறுகாய், சோப்பு, குடை, மசாலாப்பொடி என்று எங்கும் காணும் பட்டியலே இங்கும் இருந்தது. அவற்றுள் பல நிலைக்கவில்லை. பெரிய நிறுவனத்தின் பொடிப் பாக்கெட்டோடு கடை அலமாரியில் போட்டியிடக் கிராமத்துக் குழுவால் முடியாது. விளம்பரத்துக்குப் பணமில்லை, கடைக்காரருக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுக்கவும் வசதியில்லை. ஊராட்சியே வாடிக்கையாளரானபோதுதான் நிலைத்து நிற்கும் தொழில்கள் தோன்றின.

அமிர்தம் பொடி இதற்கு முதன்மைச் சான்று. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடி வழியாக இலவசமாகத் தரப்படும் சத்துமாவு இது. காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு உருவான கலவை; கோதுமை, கடலைப்பருப்பு, நிலக்கடலை, சோயா, சர்க்கரை ஆகியவை சேர்ந்தது. நாட்டின் பல மாநிலங்களில் இத்தகைய ஒப்பந்தம் பெரிய ஒப்பந்ததாரர்களுக்குப் போகிறது. கேரளத்தில் அங்கன்வாடிகள் உள்ளாட்சிகளின் கீழ் வந்ததால் இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் குழுக்களுக்கு அந்த வேலை கிடைத்தது. வறுப்பது, அரைப்பது, பொட்டலம் கட்டுவது எல்லாம் அந்தந்த வட்டாரப் பெண்களே. தின்னும் குழந்தையும் அதே வட்டாரத்துக் குழந்தை. எத்தனை கிலோ தேவை என்பது முன்கூட்டியே தெரியும், விற்காமல் தேங்காது. சுயதொழில் திட்டங்களில் வழக்கமாகக் காணாமற்போகும் சந்தை இங்கே முதலிலேயே இருந்தது. எனினும் அங்கன்வாடிக் கணக்கில் பணம் வரத் தாமதமானால் குழு கோதுமை வாங்கத் தடுமாறும்.

கூட்டு விவசாயம் இன்னொரு பெரிய களம். நான்கு முதல் பத்துப் பெண்கள் கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்ந்து தரிசாகக் கிடக்கும் வயலைக் குத்தகைக்கு எடுத்து நெல், வாழை, மரவள்ளி, காய்கறி பயிரிடுகிறார்கள். இதில் ஒரு சட்டச் சிக்கல் உள்ளது. 1970 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தம் கேரளத்தில் குத்தகை முறையையே ஒழித்தது. புதிய குத்தகையையும் தடைசெய்தது. உழுதவர்களை நில உரிமையாளர்களாக்கிய மகத்தான சட்டம் அது. ஆனால் நிலம் கிடைத்த குடும்பங்களின் பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போய் வயல்கள் தரிசானபோது, அவற்றில் உழைக்க முன்வந்த பெண்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் கிடைக்க வழியில்லாமற்போயிற்று. வாய்மொழிதான் உறுதி. நில வரி ரசீது இல்லாதவருக்கு வங்கி பயிர்க்கடன் தருவதில்லை. நபார்டு வங்கியின் கூட்டுப் பொறுப்புக் குழு முறை இந்த இடைவெளியை ஓரளவு அடைத்தது. பயிர் நன்றாக விளைந்ததும் உரிமையாளர் நிலத்தைத் திரும்பக் கேட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் விடையில்லை.

வீடு வீடாகச் சென்று மக்காத குப்பையைச் சேகரிக்கும் ஹரித கர்ம சேனை அண்மைக்கால முயற்சி. 30,000க்கும் மேற்பட்ட பெண்கள் இதில் உள்ளனர். கிராமத்தில் வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் கட்டணம். அதுவே அவர்களின் வருமானத்துக்கு அடிப்படை. தொடக்கத்தில் பல வீடுகள் கதவைச் சாத்தின. 50 ரூபாய்க்காக அவமதிப்பான பேச்சைக் கேட்டுத் திரும்பிய பெண்கள் ஏராளம். பிறகு வந்த சட்டத்திருத்தங்கள் உள்ளாட்சிகளுக்குக் கட்டணத்தை வசூலிக்கும் அதிகாரத்தைக் கூட்டின. இதைச் சுயதொழில் என்று அழைப்பது சரியா என்ற கேள்வி நியாயமானது. ஊராட்சி செய்ய வேண்டிய துப்புரவுப் பணியைச் செய்கிறார்கள். ஊராட்சி ஊழியருக்கு உரிய சம்பளமோ ஓய்வூதியமோ அவர்களுக்கு இல்லை.

ஊராட்சியை நம்பிய தொழில் ஊராட்சியும் அரசும் கைவிடும்போது என்ன ஆகும் என்பதைக் காட்டியது ஜனகீய உணவகம். 2020இல் கொரோனாக் காலத்தில் இவை பரவின. 20 ரூபாய்க்கு மதியச் சாப்பாடு. உள்ளாட்சி இடமும் தண்ணீரும் மின்சாரமும் தரும். அரசு ஒரு சாப்பாட்டுக்கு 10 ரூபாய் மானியம் தரும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட உணவகங்கள் தொடங்கின. கூலித் தொழிலாளரும் வெளிமாநிலத்தவரும் தனித்து வாழும் முதியவர்களும் அங்கே வயிறாரச் சாப்பிட்டார்கள். மானியப் பாக்கி மாதக்கணக்கில் தேங்கியது. 2023இல் மானியமே நிறுத்தப்பட்டு விலை 30 ரூபாயாக்கப்பட்டது. மளிகைக் கடையில் கடன் சொல்லியும் நகையை அடகு வைத்தும் அடுப்பை எரியவிட்ட பெண்களின் மேல் அந்தப் பாக்கி விழுந்தது. பல உணவகங்கள் மூடின. நல்ல திட்டம் ஒன்றின் சுமையை அதில் மிக ஏழையானவர்களின் தோளில் இறக்கிவைத்தது இதில் நேர்ந்த பெரும் அநீதி.

கடன்

அயல்கூட்டச் சேமிப்பும் வங்கி இணைப்பும் வட்டிக்காரர்களின் பிடியைத் தளர்த்தின, அறுக்கவில்லை. கேரளத்தில் கந்துவட்டியை ‘பிளேடு’ என்பார்கள். பாலக்காட்டு எல்லைக் கிராமங்களில் தமிழ்நாட்டிலிருந்து வரும் வட்டிக்காரர்களின் நடமாட்டம் நெடுநாள் வழக்கம். இதற்கு மாற்றாக 2018இல் பாலக்காடு மாவட்டத்தில் ‘முற்றத்தெ முல்ல’ என்ற திட்டம் தொடங்கியது. கூட்டுறவு வங்கி அயல்கூட்டத்துக்குக் குறைந்த வட்டியில் கடன் தரும். அயல்கூட்டம் அதை ஆண்டுக்கு 12 விழுக்காட்டுக்கு உட்பட்ட வட்டியில் வீட்டு வாசலிலேயே கொடுத்து, வாசலிலேயே வசூலிக்கும். வட்டிக்காரரின் வெற்றிக்குக் காரணம் வீடு தேடி வருவதும் காகிதம் கேட்காததும்தான் என்று புரிந்துகொண்டு வகுத்த திட்டம் இது.

அட்டப்பாடி

கோவையை ஒட்டிய அட்டப்பாடி மலைப்பகுதியில் இருளர், முதுகர், குறும்பர் வாழ்கின்றனர். தமிழும் அங்கே பரவலாகப் பேசப்படும் மொழி. 2013இல் அங்கே பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தது, கேரள வளர்ச்சிக் கதையின் மேல் விழுந்த கறை. பொதுவான அயல்கூட்ட அமைப்பு அங்கே பழங்குடிப் பெண்களை எட்டவில்லை என்பது வெளிப்பட்டது. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் நிதியில் தனித் திட்டம் வகுக்கப்பட்டது. ஊர்தோறும் தனி அயல்கூட்டம், பொதுச் சமையற்கூடம், மீண்டும் ராகி, சாமை முதலிய சிறுதானியப் பயிர் என்று அது நடந்தது. மற்ற ஊர்களின் அச்சை அப்படியே கொண்டுபோய்ப் பழங்குடி ஊரில் வைக்க முடியாது என்பதை மிகுந்த விலை கொடுத்துக் கற்ற இடம் அட்டப்பாடி.

அரசியலும் விமர்சனமும்

உள்ளாட்சியோடு பிணைந்த அமைப்பில் கட்சிகள் கண்வைக்காமல் இருக்காது. சிடிஎஸ் தேர்தல் பல ஊராட்சிகளில் கட்சித் தேர்தலாகவே நடக்கிறது. காங்கிரஸ் சார்புள்ள ஜனஸ்ரீ என்ற அமைப்புக்கு அரசு நிதி ஒதுக்கப்பட்டதை எதிர்த்து 2012இல் குடும்பஸ்ரீப் பெண்கள் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் இரவு பகலாக அமர்ந்து போராடினார்கள். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடு 2010 தேர்தலில் நடைமுறைக்கு வந்தபோது, வேட்பாளர்களாக நின்று வென்றவர்களில் ஆயிரக்கணக்கானோர் அயல்கூட்டங்களில் பேசப் பழகியவர்கள்.

வருமானம் சிறிது என்பது மிகப் பழைய குறை. கூட்டம், கணக்கு, கணக்கெடுப்பு, வெள்ள நிவாரணம் என எல்லா வேலையும் அவர்கள் மேல் ஏற்றப்படுகிறது. வீட்டு வேலையில் யாரும் பங்கெடுப்பதில்லை. கேரளத்தில் வறுமை குறைந்ததில் நிலச்சீர்திருத்தம், பொது விநியோகம், வளைகுடாப் பணம், நல ஓய்வூதியங்கள் ஆகியவற்றின் பங்கு பெரிது. அதில் குடும்பஸ்ரீயின் பங்கைத் தனியே பிரித்து அளப்பது கடினம்.

யாருமற்ற மிக வறிய குடும்பங்களுக்குச் சுயதொழில் வழியாகாது என்பதை இயக்கம் சீக்கிரமே ஒப்புக்கொண்டது. 2002இல் தொடங்கிய ஆச்ரயா திட்டம் அவர்களுக்குக் கடனை விடுத்து உணவு, மருந்து, வீடு, ஓய்வூதியம் ஆகியவற்றை ஊராட்சி வழியாகச் சேர்த்தது. 2021க்குப் பின் இதன் தொடர்ச்சியாக 64,006 குடும்பங்கள் அதிதீவிர வறுமையில் இருப்பவையாக உள்ளாட்சிகளால் அடையாளம் காணப்பட்டன. 2025 நவம்பர் 1 அன்று மாநிலம் அந்நிலையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. அந்தக் கணக்கின் அடிப்படையைப் பொருளியலாளர்கள் சிலர் வெளிப்படையாகக் கேள்விக்கு உட்படுத்தினார்கள்.

அயல்கூட்டங்களில் தலை நரைத்தவர்கள் பெருகியபோது, 2021இல் 18 முதல் 40 வயது வரையுள்ள பெண்களுக்காகத் துணைக் குழுக்கள் தொடங்கப்பட்டன. ஒரு வீட்டிலிருந்து ஒருவர் மட்டும் என்ற பழைய விதி அவற்றில் இல்லை. அப்பளத்திலும் ஊறுகாயிலும் நாட்டமில்லாத, பட்டப்படிப்பு முடித்து வேலையின்றி வீட்டில் இருக்கும் மகள்களும் மருமகள்களுமே அவற்றுக்கு வருபவர்கள்.